டாக்டர் ஆக வேண்டுமென்றால் ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளி மாற்ற வேண்டுமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் எட்டாவது வரை படித்தவர். வீட்டில் தையல் வேலை செய்கிறார். கணவர் சரக்கு வண்டி ஓட்டுகிறார். இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் 18,000 ரூபாய் வரும். மூத்த மகள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில், தமிழ் வழியில், எட்டாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். முதல் வகுப்பிலிருந்து அதே பள்ளிதான். கணக்கில் கெட்டிக்காரி, ஆங்கிலம்தான் தகராறு. தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வில், அதாவது என்.எம்.எம்.எஸ். தேர்வில், வெற்றி பெற்றிருக்கிறாள். மகன் ஐந்தாவது படிக்கிறான்.

கொழுந்தனாரின் மகன் டவுனில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் படிக்கிறான். அங்கே ஒன்பதாவதிலிருந்தே, மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டுக்கு 'ஃபவுண்டேஷன்' என்ற அடித்தளப் பயிற்சி உண்டாம். "இப்போ சேர்க்கலைன்னா டாக்டர் ஆசையை மறந்துடுங்க அண்ணி" என்கிறார் கொழுந்தனார். ஆண்டுக்குக் கட்டணம் 55,000, வேனுக்கு 14,000, ஃபவுண்டேஷனுக்கு 30,000. தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையை அடகு வைத்தாவது சேர்த்துவிட வேண்டும் என்று இந்தத் தாய் நினைக்கிறார். அது முடியாவிட்டால், டவுனில் கட்டுப்பாட்டுக்குப் பெயர்போன அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி. "அங்கேயும் டீச்சருக்குச் சம்பளம் கவர்மென்ட்தானே கொடுக்குது, அதுவும் கவர்மென்ட் ஸ்கூல் மாதிரிதானே" என்று கேட்கிறார். 3 கிலோமீட்டரில் அரசு உயர்நிலைப்பள்ளி ஒன்று உண்டு, ஆனால் பத்தாவது வரைதான். 12 கிலோமீட்டர் தள்ளி டவுனில் அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. மாமியாருக்கோ, வயசுக்கு வந்த பெண்ணை தினமும் பஸ்ஸில் அனுப்புவதே பிடிக்கவில்லை. பத்தாவது முடித்தால் போதும் என்கிறாராம்.

மகளிடம் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டால், "தெரியலம்மா" என்கிறாள். "கவர்மென்ட் ஸ்கூல்லயே விட்டுட்டா அவ வாழ்க்கையை நானே கெடுத்த மாதிரி ஆயிடுமோன்னு ராத்திரி தூக்கம் வரல" என்று கடிதம் முடிகிறது.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் தூக்கத்தைத் திருப்பித் தருகிறேன். அரசுப் பள்ளியிலேயே படிக்க வைப்பதால் உங்கள் மகளின் வாழ்க்கை கெடாது. அவசரப்பட்டு அவளை அங்கிருந்து வெளியே எடுத்தால்தான், அவள் ஏற்கெனவே சம்பாதித்து வைத்திருக்கும் சில உரிமைகள் போய்விடும். அவை என்னென்ன என்று உங்களிடம் யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை என்பது கடிதத்தைப் படித்தபோது தெரிந்தது. ஆகவே அதையே முதலில் சொல்கிறேன்.

மகள் கையில் இப்போது இருப்பவை

முதலாவது, 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேர்விலும் தகுதி பெற்ற மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் தமிழ்நாடு அரசு 2020இல் சட்டம் போட்டுக் கொடுத்த இடங்கள் இவை. நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றது. 2021இல் இன்னொரு சட்டத்தின் மூலம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இதே ஒதுக்கீடு வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது.

இங்கே 'ஆறு முதல் பன்னிரண்டு வரை' என்பதைக் கவனியுங்கள். ஏழு ஆண்டுகளும் வேண்டும். உங்கள் மகள் அதில் மூன்றை முடித்துவிட்டாள். ஒன்பதாவதில் ஒரே ஓர் ஆண்டு தனியார் பள்ளிக்குப் போய், ஒத்துவரவில்லை என்று பத்தாவதில் திரும்பி வந்தாலும் தொடர்ச்சி அறுந்துவிடும். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டாவது வரை இலவசமாகப் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வருகிறவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. உங்கள் மகள் அதில் வரமாட்டாள்.

டாக்டர் ஆக்குவதற்காகத்தான் பள்ளி மாற்றுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மருத்துவக் கல்லூரிக்கு உங்கள் மகளுக்கென்று இருக்கும் தனி வரிசையிலிருந்து அவளை வெளியே எடுத்து, மாநிலம் முழுவதும் முட்டி மோதும் பெரிய வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவதாகத்தான் இது முடியும். அதற்கு நான்கு ஆண்டில் ஏறக்குறைய நான்கு லட்சம் ரூபாய்.

இரண்டாவது, அவள் வென்றிருக்கும் உதவித்தொகை. ஆண்டுக்கு 12,000 ரூபாய், ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை நான்கு ஆண்டுகள், மொத்தம் 48,000. இது அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கிறவர்களுக்கு மட்டும்தான். தனியார் மெட்ரிக் பள்ளிக்குப் போன நாளிலிருந்து கிடைக்காது. இதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் கடிதத்தில் 'ஸ்காலர்ஷிப் வரும், அதை வேன் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்' என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள்.

மூன்றாவது, புதுமைப் பெண் திட்டம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் பட்டப்படிப்போ டிப்ளமாவோ ஐ.டி.ஐ.யோ சேர்ந்தால், படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவர்கள் வங்கிக் கணக்குக்கே வரும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். ஆயிரம் ரூபாய் பெரிய தொகையா என்று சிலர் கேட்கிறார்கள். கல்லூரிக்குப் போகும் கிராமத்துப் பெண்ணுக்கு, பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் நாப்கினுக்கும் யாரிடமும் கை நீட்டாமல் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று உங்களுக்கே தெரியும்.

உதவி பெறும் பள்ளி, அரசுப் பள்ளி ஆகாது

இந்தத் தவறான எண்ணம் பலருக்கும் இருக்கிறது. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுத்தாலும் உதவி பெறும் பள்ளியை நடத்துவது தனியார் நிர்வாகம்தான். ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நகராட்சி, மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி இவையெல்லாம் 7.5 சதவீதச் சட்டத்தின் கணக்கில் அரசுப் பள்ளிகள். உதவி பெறும் பள்ளி அந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே நீங்கள் இரண்டாவதாக யோசிக்கும் பெண்கள் பள்ளியில் சேர்த்தால் என்.எம்.எம்.எஸ். பணம் தொடரும், 7.5 சதவீதம் போய்விடும். புதுமைப் பெண் திட்டத்தை 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளிகளின் தமிழ் வழி மாணவியருக்கும் நீட்டித்தார்கள். அங்கே ஆங்கில வழியில் சேர்த்தால் அதுவும் இல்லை. அந்தப் பள்ளி நல்ல பள்ளியாகவே இருக்கலாம், நான் குறை சொல்லவில்லை. சேர்ப்பதானால் எதை விடுகிறோம் என்று தெரிந்து சேருங்கள். சேர்த்துவிட்டு பன்னிரண்டாவது முடித்த பிறகு கலந்தாய்வில் போய் நின்று தெரிந்துகொள்வது மிகவும் வலிக்கும். அப்படி நிற்கும் பெற்றோரை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

ஃபவுண்டேஷன் என்று விற்கப்படுவது

நீட் தேர்வின் பாடத்திட்டம் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், வேதியியல், உயிரியல். ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு அந்தத் தேர்வில் தனியாகப் பாடம் எதுவும் கிடையாது. அவளுக்குத் தேவையான அடித்தளம் அவளுடைய ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இயற்கணிதமும் முக்கோணவியலும் கையில் வராமல் பதினொன்றாவதில் இயற்பியல் கணக்குப் போட முடியாது. ஒன்பதாவதில் வரும் வேதிப்பிணைப்பு புரியாமல் பிளஸ் ஒன் வேதியியல் ஏறாது. இந்த இரண்டு ஆண்டையும் அமைதியாக, முழுசாகப் படிப்பதுதான் அடித்தளம்.

சில தனியார் பள்ளிகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஒன்பதாவது பாடத்தை அரையாண்டுக்குள் ஓட்டிவிட்டுப் பத்தாவதைத் தொடங்கிவிடுவார்கள், பதினொன்றைத் தாண்டிப் பன்னிரண்டுக்குப் போய்விடுவார்கள். பொதுத்தேர்வு மதிப்பெண் விளம்பரப் பலகைக்கு உதவும், பிள்ளைக்கு உதவாது. தமிழ்நாட்டில் 2017-18ஆம் கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்குக் காரணமே, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமல் விட்ட பள்ளிகள்தான். 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. ஆகவே பதினொன்றாவதில் எந்தப் பள்ளியில் சேர்த்தாலும், பிளஸ் ஒன் பாடத்தை முழுதாக நடத்துகிறார்களா என்று இனி நீங்கள்தான் கண்காணிக்க வேண்டியிருக்கும். நீட்டுக்கும், ஐ.ஐ.டி. போன்ற பொறியியல் கல்லூரிகளுக்கான ஜே.இ.இ. தேர்வுக்கும் கேள்வி இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் வரும். பொறியியல் கல்லூரி முதலாண்டில் கணக்கில் அரியர் விழுந்து தவிக்கும் பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள், பிளஸ் ஒன்னில் விட்ட பாடம் எது என்று அவர்களே சொல்வார்கள்.

இதற்காக நகையை அடகு வைக்க வேண்டாம். வீட்டின் ஆண்டு வருமானம் சுமார் 2,16,000. அதில் 99,000 ஒரு பிள்ளையின் பள்ளிக்குப் போனால் கிட்டத்தட்ட பாதி வருமானம் போகிறது, அதற்கு மேல் அடகு வட்டி. இரண்டாம் ஆண்டில் வண்டிக்கு ஒரு பெரிய செலவு வந்துவிட்டால் கட்டணம் நின்றுவிடும், பத்தாவது நடுவில் அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்துவார்கள். உங்கள் மகளுக்கு அந்த நிலை வரக்கூடாது. நகை இருக்கட்டும். கல்லூரி சேரும் ஜூன், ஜூலையில் முன்பணம், விடுதி, துணிமணி, கைபேசி என்று எல்லாம் ஒன்றாக வரும். அப்போது அது தேவைப்படும்.

"தெரியலம்மா" என்பதில் தவறில்லை

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தது ஒரு சின்ன இடம். ஆட்டுக்குட்டிக்கு நோய் வந்தபோது கால்நடை மருத்துவர் வந்தாராம். ஊசி எதற்கு, எவ்வளவு மருந்து, குட்டியின் எடைக்கும் மருந்துக்கும் என்ன கணக்கு என்று உங்கள் மகள் அவரை விடாமல் கேட்டாளாம். அதை ஒரு வேடிக்கை போல எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே 'அவளுக்கு எதிலும் விருப்பம் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். விருப்பம் இருக்கிறது, சகோதரி. அதற்கு என்ன பெயர் என்று பதின்மூன்று வயதில் அவளுக்குத் தெரியாது.

இதை வைத்து, சரி, கால்நடை மருத்துவராக்கிவிடலாம் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். நான் சொல்ல வருவது வேறு. அறிவியல் படித்தால் நீட் எழுதி டாக்டர் ஆக வேண்டும், முடியாவிட்டால் எல்லாம் வீண் என்று ஒரு எண்ணம் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம், வேளாண்மை, மீன்வளம், பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம். ஆகிய படிப்புகளுக்கு மாநில இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்புகிறார்கள், நீட் வேண்டாம். பொறியியலுக்கும் அப்படியே. கணக்கு நூற்றுக்கும், இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்குமாகக் கணக்கிட்டு 200க்குக் கட்-ஆஃப் வரும். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்கள் மாவட்டத்திலேயே, ஓசூரில், கோழியின உற்பத்தி மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. ஒரு நாள் அவளை அழைத்துப்போய், வெளியிலிருந்தாவது ஒரு கல்லூரியைக் காட்டுங்கள். வீட்டில் யாரும் கல்லூரி வாசலைப் பார்க்காத பிள்ளைக்கு, கல்லூரி என்பது நடக்கிற காரியம் என்று அப்போதுதான் மனதில் பதியும்.

நீட் பற்றியும் ஒன்று நேராகச் சொல்லிவிடுகிறேன். 7.5 சதவீதம் இருந்தாலும் நீட்டில் தகுதி பெற்றாக வேண்டும், அதிலும் போட்டி உண்டு. அவள் விரும்பினால் பதினொன்றாவதிலிருந்து தயாராகலாம். தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் அம்மாவின் ஆசைக்காக ஒரு பெண் நான்கு ஆண்டு பயத்தோடு படிக்கக் கூடாது. ஒன்பதாவது, பத்தாவதில் டாக்டர் என்ற சொல்லை வீட்டில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அவளை ஊக்கப்படுத்தத்தான் சொல்கிறீர்கள். ஆனால் இப்போது அவள் காதில் அது மிரட்டலாகத்தான் விழும்.

படிப்பு எது என்று முடிவெடுக்க உண்மையான இடம் பதினொன்றாம் வகுப்பு. அங்கே எடுக்கும் பிரிவுதான் எந்தக் கல்லூரிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் சேர்ந்த முதல் குரூப் எடுத்தால் மருத்துவம், கால்நடை, வேளாண்மை, பொறியியல் எல்லாவற்றுக்கும் வழி இருக்கும், சுமையும் அதிகம். உயிரியல் இல்லாத கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தால் மருத்துவப் பக்கம் நேராகப் போக முடியாது. கணக்குப் பதிவியலில் ஆர்வம் வந்தால் வணிகவியல் குரூப், பி.காம்., சி.ஏ. என்று அது ஒரு நல்ல பாதை, யாரும் இரண்டாம் தரமாக நினைக்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் கல்லூரியை முடிவு செய்யும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. விரும்பிய பிரிவு கிடைக்கவும், பாலிடெக்னிக் சேரவும் அது உதவும். உதவித்தொகை பதினொன்றாவதிலும் தொடர வேண்டுமானால் பத்தாவதில் 60 சதவீதம் வேண்டும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 55 சதவீதம். கல்லூரிகள் பார்ப்பது பிளஸ் டூவை.

ஆங்கிலம் என்ற பயம்

ஆங்கிலம் வராததால்தான் தனியார் பள்ளி என்று நினைக்கிறீர்கள். அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவு பல இடங்களில் இருக்கிறது. அதில் சேர்ந்தாலும் 7.5 சதவீதமும் புதுமைப் பெண்ணும் தொடரும். ஆனால் ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளையை ஒன்பதாவதில் திடீரென்று எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் படிக்க வைத்தால், அவள் பலமான கணக்கும் அறிவியலும்கூடப் பலவீனம் ஆகிவிடும். நான் தமிழ் வழியிலேயே தொடரச் சொல்வேன். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. அந்த வேலைக்குக் கேட்கும் தகுதி வரை பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட வேலைகளுக்கு, பத்தாவது வரை தமிழ் வழியில் படித்திருப்பதே பின்னால் பயன்படும்.

ஆங்கிலத்துக்குத் தனி முயற்சி வேண்டும். அறிவியல் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பும் பள்ளிக் கல்வித் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழில் பாடம் படித்து முடித்த பிறகு, அதே பக்கத்தை ஆங்கிலத்தில் மெதுவாக வாசிக்கட்டும். விஷயம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் மொழி பயமுறுத்தாது. தினமும் ஒரு பக்கம், சத்தமாக. நீங்கள் தைத்துக்கொண்டே கேளுங்கள். உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை, அவள் வாய் பழகினால் போதும்.

எந்தப் பள்ளி?

உங்கள் இடத்தில் இருந்தால் டவுன் அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளியைத் தேர்ந்தெடுப்பேன். இப்போதே அங்கே போய்விட்டால் ஆசிரியர்களும் தோழிகளும் பழகிய பிறகு பிளஸ் ஒன் வரும், பதினொன்றாவதில் புது இடத்தில் தடுமாற வேண்டியதில்லை. ஆனால் முடிவெடுக்கும் முன் நீங்களும் கணவரும் ஒரு வேலை நாளில் நேரில் போங்கள். பிளஸ் ஒன்னில் உயிரியலோடு சேர்ந்த கணிதப் பிரிவு தமிழ் வழியில் இருக்கிறதா, கணக்கு, அறிவியல் ஆசிரியர் இடங்கள் நிரம்பியிருக்கின்றனவா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, மாலையில் பள்ளி விட்டதும் உங்கள் ஊருக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். இவற்றைக் கேட்பது உங்கள் உரிமை. பதில் திருப்தியாக இல்லையென்றால், பக்கத்து அரசு உயர்நிலைப்பள்ளியில் பத்தாவது வரை படித்துவிட்டு அப்புறம் டவுனுக்குப் போவதிலும் நஷ்டம் எதுவும் இல்லை, இரண்டும் அரசுப் பள்ளிதான். அத்துடன், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை தங்கிப் படிக்கும் அரசு மாதிரிப் பள்ளி ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது. திறன் தேர்வில் வென்ற பெண் அவள். அங்கே சேர வழி உண்டா, சேர்ந்தால் உதவித்தொகை தொடருமா என்று தலைமையாசிரியரிடம் இந்த மாதமே கேளுங்கள்.

மாமியாரின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். வயதுக்கு வந்த பேத்தியைப் பற்றி ஒரு பாட்டிக்கு வரும் கவலை அது. முதல் வாரம் அப்பாவோ நீங்களோ கூடப் போய்வாருங்கள். அதே பஸ்ஸில் போகும் மற்ற மாணவியரையும் அவர்கள் வீட்டையும் பழகிவைத்துக்கொள்ளுங்கள். அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பயணம் ஒத்துவராவிட்டால் டவுனில் அரசு மாணவியர் விடுதி இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது அவற்றைச் சமூகநீதி விடுதிகள் என்கிறார்கள். ஆனால் 'பத்தாவது போதும்' என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அதற்கு அடுத்த பேச்சு கல்யாணமாகத்தான் இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும். பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் செய்வது குற்றம். 2006ஆம் ஆண்டுச் சட்டம், நடத்தி வைக்கிறவர்களையும் சேர்த்தே தண்டிக்கிறது. வீட்டில் வற்புறுத்தல் வந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்கலாம் என்று மகளுக்கும் சொல்லிவையுங்கள்.

கொழுந்தனாரிடம் சண்டை வேண்டாம். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். "அரசுப் பள்ளியில் படித்தால்தான் அவளுக்கு ஏழரை சதவீதம் கிடைக்கும், தம்பி" என்று ஒரு வரி போதும். அவர் மகனுக்கு அது இல்லை என்பதைப் பேச்சில் கொண்டுவர வேண்டாம், பிள்ளைகள் இருவரும் நல்லபடியாகப் பழகட்டும்.

இந்தக் கோடையில் முடிக்க வேண்டிய வேலைகள்

மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது மகளின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் ஆதாரிலும் பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிப் பதிவேட்டிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எது அச்சாகிறதோ அதுவே அவள் வாழ்நாள் முழுதும் வரும். பின்னால் திருத்த அலைவது பெரும்பாடு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் மூன்றையும் இ-சேவை மையத்தில் வாங்கிவையுங்கள். உங்கள் வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை என்பதால் முதல் பட்டதாரி சான்றிதழும் அவளுக்குக் கிடைக்கும், அதைப் பன்னிரண்டாவது முடியும்போது வாங்கலாம்.

உதவித்தொகையைத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். புதிய பள்ளியில் சேர்ந்த வாரமே இதைக் கவனிக்கும் ஆசிரியர் யார் என்று கேட்டு, அவரிடம் மகளின் வங்கிப் புத்தக நகலைக் கொடுங்கள். புதுப்பிக்கத் தவறி பணத்தை இழக்கும் பிள்ளைகள் நிறைய. அந்த 12,000ஐ வீட்டுச் செலவில் கலக்காதீர்கள். அஞ்சலகத்தில் அவள் பெயரில் போட்டுவாருங்கள். அவள் பணம், அவள் கல்லூரிக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும். உங்கள் மகன் இந்த ஆண்டு ஐந்தாவது முடிக்கிறான். ஆறாம் வகுப்பில் அவனை எங்கே சேர்க்கிறீர்களோ அங்கேதான் அவனுடைய ஏழு ஆண்டுக் கணக்கு தொடங்குகிறது. அக்காவுக்கு இருக்கும் அதே 7.5 சதவீதம் அவனுக்கும் உண்டு. பையன்களுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்திருக்கிறது, அதிலும் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய். அவனையாவது கான்வென்டில் போடலாம் என்ற பேச்சு வீட்டில் வந்தால், இந்தக் கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டுங்கள்.

பள்ளி, உதவித்தொகை பற்றிய சந்தேகங்களுக்குக் கல்வித் துறையின் 14417 எண் இருக்கிறது. முதலில் இந்த வாரம் தலைமையாசிரியரைப் பாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேள்விகளை அவளையே கேட்கச் சொல்லுங்கள். சேர்க்கை முடிந்ததும் எந்தப் பள்ளி என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.